புதுப்பிப்பு: சுங்கை சிப்புட் வீட்டு வாசலுக்குச் சிவப்பு இலை மரம்

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் இலையுதிர் நிறத்துக்காக எந்த ஜப்பானிய மேப்பிள் மரம் வைக்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

மேப்பிள் வாங்கவில்லை. அதற்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். நம் தோட்டப்புறச் சூட்டில் அதற்கு வழியில்லை. கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை உதிருமுன் நிஜமாகவே சிவக்கும், ஆனால் அந்த அகல இலை லோங்காங்கை (வடிகாலை) அடைக்கும் என்று அம்மா ஒரே பிடிவாதம். கடைசியில் கைகொடுத்தது ஈப்போ அக்கா சொன்ன ரெட் லிப் என்ற செடி.

எதிர்பாராதது: இதில் சிவப்பது உதிரும் இலை இல்லை, கொழுந்து. செம்பு நிறத்தில் பளபளவென்று வந்து, முற்ற முற்றப் பச்சையாகிவிடுகிறது. நுனியைக் கத்தரித்தால் மறுபடி சிவப்பு. சுவரோர நிழலில் வைத்த செடி மட்டும் மந்தம். அதனால் நல்ல வெயிலில் வையுங்கள். உதிரும் இலையின் நிறம்தான் வேண்டுமென்றால், சரி, ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலை மாற்றும்போது தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.