இணையதளப் படிவத்தில் வரும் விசாரணை எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது: ஃபில்டர் எப்படிப் போடுவது?

கல்பட்டறை_ஆத்தங்குடி:
வணக்கம். ஆத்தங்குடி கல் செய்து தருகிறோம். எங்கள் இணையதளத்தில் உள்ள விசாரணைப் படிவத்தை நிரப்பினால் பட்டறையின் ஜிமெயிலுக்கு மெயில் வரும். சென்னை, கோலாலம்பூரிலிருந்து ஆர்க்கிடெக்ட்கள் அளவும் டிசைனும் எழுதிக் கேட்பது பெரும்பாலும் ஸ்பேமில்தான் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ‘நாட் ஸ்பேம்’ கொடுத்தாலும் அடுத்தது திரும்ப அங்கேயே போகிறது. ஃபில்டரில் ‘ஜிமெயில் டாட் காம்’ என்று போட்டு எல்லாவற்றையும் உள்ளே விட்டுவிடலாமா?

காரைக்குடி_சர்வர்:
அப்படிப் போடவே போடாதீங்க. ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் மோசடி மெயிலுக்கும் சேர்த்துக் கதவைத் திறந்த மாதிரி ஆகிவிடும்.

முதலில் காரணத்தைப் பாருங்க. கம்ப்யூட்டரில் ஒரு விசாரணை மெயிலைத் திறந்து, வலப்பக்கம் இருக்கும் மூன்று புள்ளியில் ‘ஷோ ஒரிஜினல்’ அழுத்துங்க. எஸ்.பி.எஃப்., டி.கிம், டிமார்க் என்று வரிகள் வரும்; மெயில் நிஜமாகவே அந்தப் பெயருக்குரியவரிடமிருந்து வந்ததா என்று பார்க்கும் சோதனைகள் இவை. பிறகு ‘ஃப்ரம்’ இடத்தில் யார் முகவரி இருக்கிறது என்று பாருங்க. வாடிக்கையாளர் முகவரி இருந்தால் கோளாறு அங்கேதான். மெயிலை அனுப்புவது உங்கள் இணையதளம் இருக்கும் ஹோஸ்டிங் சர்வர். பெயர் மட்டும் வாடிக்கையாளருடையது. ஜிமெயில் கண்ணுக்கு அது ஆள்மாறாட்டம். ஒவ்வொரு தடவையும் புது முகவரி என்பதால் ‘நாட் ஸ்பேம்’ கொடுப்பதும் அடுத்ததற்கு உதவாது.

படிவத்தின் மெயில் அமைப்பில் ‘ஃப்ரம்’ என்பதில் உங்கள் டொமைன் (இணையதளப் பெயர்) கொண்ட மெயில் முகவரியையும், ‘ரிப்ளை டு’ என்பதில் வாடிக்கையாளர் முகவரியையும் வையுங்க. பதில் எழுதினால் நேராக அவருக்கே போகும். வேர்ட்பிரஸ் என்றால் எஸ்.எம்.டி.பி. (லாகின் செய்து மெயில் அனுப்பும் முறை) பிளகின் போட்டு, போர்ட் 587, டி.எல்.எஸ்., அந்த முகவரியின் பாஸ்வேர்டு கொடுத்து அனுப்பச் சொல்லுங்க.

கல்பட்டறை_ஆத்தங்குடி:
சரியாகச் சொன்னீங்கண்ணே, ஃப்ரம்மில் வாடிக்கையாளர் முகவரிதான் இருக்கிறது. டி.என்.எஸ். (டொமைனின் பதிவுகள் இருக்கும்) பக்கத்தில் எஸ்.பி.எஃப். பதிவு இரண்டு தெரிகிறது. இரண்டும் இருக்கலாமா?

காரைக்குடி_சர்வர்:
கூடாது. எஸ்.பி.எஃப். பதிவு என்பது உங்கள் டொமைன் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல். ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான். இரண்டு இருந்தால் சோதனையே பிழையாகி, இரண்டுமே செல்லாது. இரண்டிலும் உள்ள ‘இன்க்ளூட்’ பகுதிகளை (அனுமதித்த சேவைகளின் பெயர்களை) ஒரே வரியில் சேர்த்துவிட்டு மற்றதை நீக்குங்க. அந்த வரி கேட்கும் டி.என்.எஸ். தேடல் 10-ஐத் தாண்டினாலும் பிழைதான். பழைய சேவைகளின் பெயரை எடுத்துவிடுங்க. மெயிலில் டிஜிட்டல் கையொப்பம் போடும் டி.கிம்மையும் ஹோஸ்டிங் பேனலில் இயக்கிவிடுங்க. எஸ்.பி.எஃப்., டி.கிம் இரண்டில் ஒன்றாவது எல்லா அனுப்புநருக்கும் வேண்டும் என்று 2024 பிப்ரவரியிலிருந்தே கூகுள் கேட்கிறது.

பள்ளத்தூர்_நெட்:
மேலே சொன்னதை முடித்த பிறகு ஃபில்டர் போடுங்க. போன் ஆப்பில் முடியாது, கம்ப்யூட்டர் வேண்டும். செட்டிங்ஸ், ‘சீ ஆல் செட்டிங்ஸ்’, ‘ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்டு அட்ரசஸ்’, கீழே ‘கிரியேட் எ நியூ ஃபில்டர்’. ‘ஃப்ரம்’ கட்டத்தில் படிவத்தின் முழு முகவரி. டொமைனை மட்டும் போட்டால் உங்கள் பெயரில் வரும் போலி மெயிலும் நுழையும். ‘சப்ஜெக்ட்’ கட்டத்தில் படிவம் எப்போதும் போடும் தலைப்பு. அடுத்த திரையில் ‘நெவர் செண்ட் இட் டு ஸ்பேம்’ டிக் செய்து, ஒரு லேபிளும் கொடுங்க.

பிறகு வரும் மெயிலின் மேல், ஃபில்டர் இருப்பதால்தான் ஸ்பேமுக்கு அனுப்பவில்லை என்ற அறிவிப்பு தெரிந்தால் மூலக் கோளாறு இன்னும் தீரவில்லை என்று அர்த்தம். அதே கோளாறு இருந்தால் நீங்கள் டொமைன் முகவரியிலிருந்து அனுப்பும் விலைப்பட்டியலும் வாடிக்கையாளர்களின் ஸ்பேமில் விழக்கூடும்.

இன்னொன்று முக்கியம். படிவத்தில் ரோபோக்கள் நிரப்பும் குப்பையும் இனி உங்கள் முகவரியிலிருந்துதான் வரும். அதற்கு ‘ரிப்போர்ட் ஸ்பேம்’ அழுத்தாதீங்க, உங்கள் டொமைனின் நற்பெயரே கெடும். அழித்துவிட்டு, படிவத்தில் கேப்ட்சா (நிரப்புவது மனிதர்தானா என்று பார்க்கும் சோதனை) போடுங்க.

இப்போது ஸ்பேமில் கிடப்பதை இன்றைக்கே இன்பாக்ஸுக்கு எடுத்துவிடுங்க. 30 நாள் தாண்டினால் தானாகவே அழிந்துவிடும்.