ராக் பாஸ்பேட்டும் உயிர் உரமும் கம்போஸ்ட்டில் எப்போது சேர்ப்பது?

கேள்வி:
வணக்கம். மக்காச்சோளத் தட்டை, வைக்கோல், மாட்டுச்சாணம் மூன்றையும் அடுக்கிக் குவியல் போட்டிருக்கிறேன். மணிச்சத்து (பாஸ்பரஸ்) கூடுதலாக உள்ள ஊட்டமேற்றிய உரமாக எடுக்க ஆசை. ராக் பாஸ்பேட் (மணிச்சத்துள்ள பாறைத்தூள்), அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்ற பாக்டீரியா உயிர் உரங்கள், அடுப்புச் சாம்பல் எல்லாம் கைவசம் இருக்கிறது. இப்போதே கலந்துவிடலாமா? குவியலுக்குள் கைவைக்க முடியாத சூடு.

பதில்:
தயவுசெய்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடாதீர்கள். இப்போது போட வேண்டியது ராக் பாஸ்பேட் மட்டும்தான். காய்ந்த கழிவு 100 கிலோவுக்கு 3 முதல் 5 கிலோ போதும். அதிலுள்ள மணிச்சத்து தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு மண்ணில் நேராகப் போட்டால் பயிருக்கு அநேகமாக ஒன்றுமே சேராது. கழிவு மட்கும்போது உண்டாகும் கரிம அமிலங்கள்தான் அதைக் கரைத்துத் தரும். அதனால் குவியலுக்குள் அது எத்தனை நாள் கிடக்கிறதோ அத்தனைக்கு நல்லது.

உயிர் உரம் இப்போது வேண்டவே வேண்டாம். நன்றாக வேகும் குவியலின் நடுவில் 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் இருக்கும். களை விதையும் நோய்க்கிருமியும் சாவது அந்தச் சூட்டில்தான், நீங்கள் விடும் பாக்டீரியாவும் அதிலேயே செத்துப்போகும். ஈரம் இருந்தும், புரட்டிப்போட்ட பிறகும் சூடு ஏறவில்லை என்றால் குவியல் ஆறிவிட்டது என்று அர்த்தம். அப்போது கலந்து, நிழலில், ஈரம் காயாமல் சில வாரம் வையுங்கள். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைச் சேர்ப்பதாக இருந்தாலும் அப்போதுதான்.

சாம்பலைக் குவியலில் போடவே போடாதீர்கள். அதன் காரத்தன்மை தழைச்சத்தை (நைட்ரஜனை) அம்மோனியாவாகக் கிளப்பிவிட்டுவிடும். பாடுபட்டுச் சேர்த்த சாணத்தின் சத்து காற்றோடு போவதைப் பார்க்க எனக்கு மனம் ஆறாது.

கேட்டவர்:
நன்றி ஐயா. சாம்பல் போடாமலே மூக்கைத் துளைக்கிற நெடி வருகிறதே?

பதில்:
அப்படியானால் சாணம் கூடிப்போயிருக்கிறது. கரிமமும் தழைச்சத்தும் 25–30க்கு 1 என்ற கணக்கில் இருக்க வேண்டும். வைக்கோலில் இது ஏறக்குறைய 80, சாணத்தில் 20 சொச்சம். வைக்கோலை நறுக்கிப் போட்டுப் புரட்டுங்கள், நெடி அடங்கும். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு கசிய வேண்டும். தண்ணீர் வழிந்தால் ஈரம் அதிகம். தட்டையையும் விரல் நீளத்துக்கு வெட்டிவிடுங்கள், முழுசாகக் கிடந்தால் லேசில் மட்காது.

இன்னொருவர்:
சாம்பல் சத்துக்காகத்தான் (பொட்டாஷ்) சாம்பல் போட நினைத்தீர்கள் என்றால் அந்தக் கவலை வேண்டாம். பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி தட்டையிலும் வைக்கோலிலும்தான் தங்குகிறது. ஆனால் அது தண்ணீரில் எளிதாகக் கரையும். மழையில் திறந்து கிடந்தால் அடியில் பழுப்பாக ஓடுமே, அதில் போவது அந்தச் சத்துதான். மேலே கூரையோ கீற்றோ போட்டு மூடுங்கள். கசிவதைப் பிடித்து மறுபடி குவியல் மேலேயே ஊற்றிவிடுங்கள்.