மாடியிலிருந்து இறங்கி உட்கார்ந்தபோது கேட்டது

பினாங்கு, பாடற்குழுப் பொறுப்பாளர்:

பாடல் உங்களுக்கு எப்போது செபமாயிற்று என்று இங்கே கேட்கப்பட்ட கேள்விக்குப் பலரும் தாங்கள் உருகிப் பாடிய நாளை எழுதியிருக்கிறீர்கள். நான் பாட முடியாமற்போன நாள்களைப் பற்றி எழுதுகிறேன்.

ஜார்ஜ்டவுனில் தமிழ்ப் பூசைக்கு 17 ஆண்டுகளாகப் பாடற்குழுவை நடத்திவருகிறேன். முந்தைய ஆண்டு தவக்காலம் தொடங்கும் நேரத்தில் தொண்டை கரகரத்தது. பரிசோதித்த மருத்துவர், குரல் நாண்களில் சிறு முடிச்சுகள் இருக்கின்றன, மூன்று மாதம் பாடக்கூடாது, கிசுகிசுப்பதும் கூடாது என்றார். கீபோர்டை இளைஞர் ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பாடற்குழுவின் மாடியிலிருந்து இறங்கினேன். விடியற்காலையில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றுவிட்டு நேரே பூசைக்கு வரும் ஒரு பாட்டியின் பக்கத்தில், பின்வரிசையில், இடம் கிடைத்தது.

நுழைவுப் பாடலின் பல்லவியை மக்கள் ஓரளவு பாடினார்கள். சரணம் மேலே ஏறியதும் ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொண்டார்கள். பாட்டி புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். எங்கள் குரலையே ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டு, கோயில் முழுவதும் பாடுகிறது என்று இத்தனை ஆண்டுகளாக நான் நினைத்திருக்கிறேன்! எங்கள் குழுவில் இளம்பெண்களே அதிகம். அவர்களுக்கு எடுப்பாக இருக்கும் என்று நாலரைக் கட்டை என்னும் உயர்ந்த சுருதியில் வைத்த பாடல் அது. சரணம் மேல் சட்ஜத்தை, அதாவது உச்சத்து ‘ஸ’ ஸ்வரத்தை, தொட்டு அங்கேயே நிற்கும். அறுபதைக் கடந்த தொண்டைக்கு அது எட்டாத இடம். ஆண்கள் ஒரு ஸ்தாயி இறங்கி முணுமுணுப்பார்கள், பெண்கள் வாயை மூடிவிடுவார்கள். போதாக்குறைக்கு மாதம் இரண்டு புதுப் பாடல்களை நான் இறக்கிக்கொண்டிருந்தேன். மக்கள் ஒன்றைப் பழகி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, பாட்டோடு நடக்கும் வழிபாட்டில் மக்கள் எல்லாரும் தங்கள் பங்கைச் செலுத்தும்படி பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. இதைப் பயிற்சி வகுப்புகளில் நானே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன் என்பதுதான் வேடிக்கை. பாடுகிறவர் இருமுறை செபிக்கிறார் என்று புனித அகுஸ்தீனார் சொன்னதாக எங்கள் ஒத்திகை அறையில் எழுதி ஒட்டியிருக்கிறோம். அந்த வாசகம் அதே வடிவில் அவருடைய எழுத்துகளில் இல்லை. அவர் உறுதியாக எழுதியது வேறொன்று: பாடப்படும் பொருளைவிடப் பாட்டே தம்மை அதிகம் அசைக்கும்போது, தாம் பாவம் செய்ததாகவே எண்ணுவதாகவும், அப்போது பாட்டைக் கேட்காமல் இருப்பதே மேல் என்று தோன்றுவதாகவும் அவர் ஒப்புக்கொள்கிறார். இதை ஒட்டியிருந்தால் எனக்குப் பயன்பட்டிருக்கும்.

சூலையில் மருத்துவர் மெல்லப் பாடலாம் என்றார். அந்த மாதம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்குப் போனேன். தமிழ், மலாய், மாண்டரின், ஆங்கிலம் என்று நான்கு மொழி மக்களும் கூடும் இடம் என்பது உங்களுக்குத் தெரியும். மெழுகுவர்த்திப் பவனியில் எங்கள் பக்கம் ஒலிபெருக்கி எட்டவில்லை. முன்னால் நடந்த ஓர் அம்மாள் தம் தொண்டைக்கு வாய்த்த சுருதியில் பழைய மாதா பாட்டு ஒன்றை எடுத்தார். ஏறத்தாழ இரண்டு கட்டை இருக்கும். சுற்றியிருந்த தமிழர்கள் எல்லாரும் சேர்ந்துகொண்டோம். தாளம் வரிசைக்கு வரிசை தள்ளிப்போயிற்று, யாரும் திருத்தவில்லை. மெழுகு கையில் சொட்டச் சொட்ட, என் குரல் எனக்கே தனியாகக் கேட்காத அந்த அரைமணி நேரத்தில்தான், பாடும்போது ஒத்திகைத் தவறுகளை எண்ணாமல் இறைவனை நினைத்தேன். பதினேழு ஆண்டுகளில் அது எத்தனையாவது முறை என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கோலாலம்பூர், லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்:

ஐயா எழுதியதைப் படித்ததும் என் அப்பாயியின் நினைவு வந்தது. சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பின்னர் பிரிக்பீல்ட்ஸில் எங்களோடு இருந்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாது. ஆனால் குடும்ப ஜெபத்தில் தஞ்சைக் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை ஒரு சொல் பிசகாமல் பாடுவார். பல்லவி திரும்பத் திரும்ப வருவது சங்கீத இலக்கணம் மட்டுமன்று, புத்தகம் பிடிக்க முடியாதவர்களுக்கு அது கைப்பிடி என்பதை அவரிடம்தான் கண்டேன்.

எங்கள் சபையில் இரண்டு வகைப் பாட்டும் உண்டு. 1706இல் ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கியதைத் தொடர்ந்து, ஜெர்மானிய மெட்டுகளிலேயே தமிழில் ஞானப்பாட்டுகள் அமைந்தன. 1774இல் பிறந்த சாஸ்திரியார் நம் ராக தாளத்தில் எழுதினார். அப்பாயி ஞானப்பாட்டுக்கு மரியாதையாக எழுந்து நிற்பார். ஆனால் காய்ச்சல் கண்ட இரவில் அவர் வாயில் வந்தது கீர்த்தனைதான். தனக்கென்று அவர் சொந்தச் சொற்களில் ஜெபித்து நான் கேட்டதே இல்லை. ஒருநாள் அதைப் பற்றிக் கேட்டேன். “பாடினேனே, உனக்குக் கேக்கலையா?” என்றார். பிலிப்பி பட்டணத்துச் சிறையில் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் ஜெபித்ததையும் பாடியதையும் வேதம் ஒரே மூச்சில் சொல்வதை, அதன் பிறகு நான் வேறு விதமாக வாசிக்கிறேன்.

பட்டர்வொர்த், உறுப்பினர்:

எனக்குச் சுருதியே நிற்காது. பள்ளிப் பாடற்குழுவில் வாயை மட்டும் அசைக்கச் சொன்னார்கள். அந்தப் பழக்கம் நாற்பது வயதிலும் போகவில்லை. பாட்டுத்தான் செபம் என்று எல்லாரும் எழுதும்போது என்னைப் போன்றவர்களுக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட அதே 1963ஆம் ஆண்டு ஏடு, உரிய நேரத்தில் மௌனம் காக்க வேண்டும் என்றும் சொல்கிறது. நற்கருணை வாங்கிவிட்டு அமர்ந்திருக்கும் அந்த மூன்று நிமிடத்தையாவது பாடற்குழுவினர் விட்டுவைக்கலாமே!

பினாங்கு, பாடற்குழுப் பொறுப்பாளர்:

நியாயமான கோரிக்கை. நற்கருணைக்குப் பின் பாடும் இரண்டாவது பாடலை இந்த மாதம் முதல் எடுத்துவிட்டோம். குழுவில் இருவருக்கு அதில் வருத்தம்தான்.

நாலரைக் கட்டைப் பாடலையும் இரண்டரைக்கு இறக்கிவிட்டேன். பெண்பிள்ளைகள் எடுப்பில்லை என்று முனகினார்கள். சென்ற ஞாயிறு சரணம் முழுவதும் கீழிருந்து சத்தம் வந்தது. மாடிக் கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன். பாட்டியின் வாய் மட்டும் அசையவில்லை. பூசை முடிந்ததும் ஓடிப்போய், “இன்னும் உயரமாக இருக்கிறதா பாட்டி, இறக்கட்டுமா?” என்று கேட்டேன்.

“பாட்டு நல்லாத்தான் இருந்தது தம்பி,” என்றார். “அவசரத்தில் பல்செட்டை வீட்டிலேயே வெச்சிட்டு வந்துட்டேன்.”