68 ஆட்டங்களும் ஒரு சேற்று மைதானமும்: கேல் சேயர்ஸுக்கு ஜாம்பவான் பட்டம் தகுமா?

ஏரிக்கரையான்:
அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-இன் சிறந்த ரன்னிங் பேக்குகள் (பந்தை ஏந்தி ஓடுபவர்கள்) பற்றிய திரியில் கணக்குப்பிள்ளை அவர்கள் நேற்று போகிற போக்கில் ஒரு வரியை எழுதிவிட்டுச் சென்றிருக்கிறார்: “68 ஆட்டங்கள் மட்டுமே ஆடிய கேல் சேயர்ஸின் புகழ் முழுவதும் ஒரே ஒரு சேற்று ஆட்டத்தின் மீது எழுப்பப்பட்டது.” அதற்கு அங்கேயே பதில் சொன்னால் மற்றவர்களுக்கு இடைஞ்சலாகும் என்பதால் இதைத் தனியாகத் தொடங்குகிறேன்.

அவர் ஏளனமாகக் குறிப்பிடும் அந்த ஆட்டம் 1965 டிசம்பர் 12 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் நடந்தது. மழையில் ஊறி உழுத வயலாகிவிட்ட அந்த மைதானத்தில், பேர்ஸ் அணியின் முதல் ஆண்டு வீரரான சேயர்ஸ் சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸுக்கு எதிராக 6 டச் டவுன்கள் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுசெல்வது) எடுத்தார். முதலாவது 80 கெஜ ஸ்கிரீன் பாஸ் (அருகில் எறிந்த பந்தைப் பிடித்து ஓடுவது). பிறகு 21, 7, 50, 1 கெஜங்களில் நான்கு ஓட்டங்கள். கடைசியாக 85 கெஜ பன்ட் ரிட்டர்ன் (எதிரணி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவருவது). பந்தைக் கையில் ஏந்தி ஓடியது வெறும் 9 முறை, அதில் 113 கெஜங்கள். எல்லா வகையிலும் சேர்த்து 336 கெஜங்கள். இதைச் செய்த மனிதரைப் பற்றி “ஒரே ஒரு சேற்று ஆட்டம்” என்று எழுதுவதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
துணிச்சல் எதுவும் தேவைப்படவில்லை ஐயா, கூட்டல் தெரிந்தால் போதும். அவருடைய மொத்த ஓட்டம் 4,956 கெஜங்கள். ஐந்தாயிரத்தைக்கூடத் தொடாத ஒருவரை ஓட்டக்காரர் ஜிம் பிரவுனுக்கு (12,312 கெஜங்கள்) அருகில் நிறுத்துவது பக்தியே தவிர ஆய்வு ஆகாது.

சேற்று ஆட்டத்துக்கு வருகிறேன். சேற்றில் துன்பப்படுபவர் துரத்துகிறவர்தான், ஓடுகிறவர் அல்லர். எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது ஓடுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். துரத்துகிறவர் அதைப் பார்த்த பிறகுதான் காலை ஊன்ற வேண்டும், ஊன்றிய கால் வழுக்கிவிடும். ஆகவே அந்த மைதானம் சேயர்ஸுக்குத் தடை அன்று, உதவி. ஆட்டம் 61-20 என்று முடிந்தது என்பதையும் நினைவில் கொள்ளவும். முடிவு தெரிந்துவிட்ட ஆட்டத்தின் பிற்பகுதியில் சேர்ந்த டச் டவுன்களும் அந்த ஆறில் அடக்கம்.

ஏரிக்கரையான்:
சேறு உதவி என்றால், அந்த உதவி அன்று மைதானத்தில் இருந்த மற்ற ஓட்டக்காரர்களுக்கு ஏன் கிடைக்கவில்லை? நைனர்ஸின் ஓட்டக்காரர்களும் அதே சேற்றில்தான் ஓடினார்கள். எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்பது அவர்களுக்கும் முன்கூட்டியே தெரிந்துதான் இருக்கும். நைனர்ஸ் ஒன்றும் சோப்ளாங்கி அணியும் அன்று. அதே ஆண்டின் முதல் ஆட்டத்தில் இதே பேர்ஸை 52-24 என்று புரட்டி எடுத்தவர்கள் அவர்கள். அந்தக் கணக்கைத் தாங்கள் ஏன் கூட்டவில்லை?

கணக்குப்பிள்ளை:
ஓர் ஆட்டத்தில் 6 டச் டவுன்கள் எடுத்தவர்கள் வேறு சிலரும் உண்டு. 1929-இல் எர்னி நெவர்ஸ், 1951-இல் டப் ஜோன்ஸ், 2020 கிறிஸ்துமஸ் அன்று ஆல்வின் கமாரா. (நெவர்ஸும் ஜோன்ஸும் அவற்றை எடுத்தது பேர்ஸுக்கு எதிராகத்தான் என்பது ஏரிக்கரையாருக்கு இனிக்காது, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.) டப் ஜோன்ஸை யாராவது ஜாம்பவான் என்கிறீர்களா? அவருக்கு இல்லாத சிம்மாசனம் இவருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? அவர் ஆடிய மைதானத்தில் சேறு போதவில்லை போலும்.

ஓமாஹா தம்பி:
பெரியவர்கள் இருவரும் பொறுத்தருள வேண்டும். “ஜாம்பவான்” என்பதற்கு அளவுகோல் எது என்று முதலில் முடிவு செய்துகொண்டால் விவாதம் எளிதாகும் அல்லவா? மொத்தக் கெஜங்களா, உச்சத்தில் இருந்தபோது காட்டிய திறமையா, கோப்பைகளா?

ஏரிக்கரையான்:
டப் ஜோன்ஸுக்கு அந்த ஆட்டத்தைச் சுற்றி என்ன இருந்தது, சேயர்ஸுக்கு என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். 1965-இல் சேயர்ஸ் எடுத்தவை மொத்தம் 22 டச் டவுன்கள். ஒரே பருவத்தில் அதுவரை எவரும் எடுக்காத எண்ணிக்கை அது. பத்தாண்டுகள் கழித்து ஓ. ஜே. சிம்ப்சன் 23 எடுக்கும் வரை நின்றது. தங்களுக்குப் பிடிக்காத அந்தச் சேற்று ஆட்டத்தை முழுவதுமாக அழித்துவிடுங்கள். மிச்சம் 13 ஆட்டங்களில் 16 டச் டவுன்கள். முதல் ஆண்டுப் பையன் ஒருவன் ஓடியும், பிடித்தும், பன்ட், கிக் ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) இரண்டையும் திருப்பிக் கொண்டுவந்தும் இப்படிக் குவிப்பதைத் தாங்கள் வேறெங்கே கண்டீர்கள்?

அடுத்த ஆண்டு, 1966-இல், 1,231 கெஜங்களுடன் லீகிலேயே முதலிடம். அந்தப் பருவத்தில் மைதானம் முழுக்கக் காய்ந்தே கிடந்ததா, ஆட்டத்துக்கு முந்தைய இரவு யாராவது குழாயைத் திறந்துவிட்டார்களா என்பதைக் கணக்குப்பிள்ளைதான் ஆராய்ந்து சொல்ல வேண்டும். 1968 நவம்பர் தொடக்கத்தில் கிரீன் பேவுக்கே சென்று பேக்கர்ஸுக்கு எதிராக 205 கெஜங்கள். அதற்கு அடுத்த வாரமே முழங்கால் போயிற்று. அதுவரையிலான 9 ஆட்டங்களில் 856 கெஜங்கள், ஒவ்வோர் ஓட்டத்துக்கும் சராசரி 6.2. இவற்றில் எது சேறு?

டென்வர்வாசி:
குறுகிய கால ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும் திரியில் டென்வரின் டெரல் டேவிஸ் பெயர் இவ்வளவு நேரம் வராதது இந்த அவையின் வழக்கமான பாரபட்சத்தைக் காட்டுகிறது. அணிகள் புதிய வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் ஆறாம் சுற்றில் 196-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர் 1998-இல் 2,008 கெஜங்கள் ஓடினார். பிளே ஆஃப் சுற்றில் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் ஆட்டங்கள்) 8 ஆட்டங்களில் 1,140 கெஜங்கள், 12 டச் டவுன்கள், இரண்டு சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) மோதிரங்கள். சேயர்ஸ் பிளே ஆஃப் ஆட்டம் ஒன்றில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனால் சேயர்ஸை 1977-இல், தகுதி பெற்ற முதல் ஆண்டிலேயே, 34 வயதில் ஹால் ஆஃப் ஃபேமில் (சிறந்த வீரர்களுக்கான புகழ் மண்டபம்) சேர்த்துவிட்டார்கள். 2001-இல் கடைசி ஆட்டம் ஆடிய டேவிஸை 2017 வரை வாசலில் நிற்க வைத்தார்கள். டேவிஸ் ஆடியவை 78 ஆட்டங்கள், சேயர்ஸை விடப் பத்து அதிகம். இந்த அநியாயத்துக்கு யார் பதில் சொல்வது?

ஏரிக்கரையான்:
பதிலை நான் சொல்கிறேன், தாங்கள் கோபித்துக்கொள்ளாமல் இருந்தால். டேவிஸ் காயப்பட்ட 1999-இல் ஒலாண்டிஸ் கேரி என்ற புதியவர் ஓட்டக்காரருக்கு வழி திறந்துவிடும் அதே டென்வர் தடுப்பு வரிசைக்குப் பின்னால் 1,159 கெஜங்கள் ஓடினார். 2000-இல் மைக் ஆண்டர்சன் என்ற இன்னொரு புதியவர் 1,487 ஓடினார். அந்தத் தடுப்பு வரிசைக்குப் பின்னால் யாரை நிறுத்தினாலும் ஆயிரத்தைத் தாண்டுவார் என்ற ஐயம் தேர்வாளர்களுக்கு வந்ததில் வியப்பில்லை. சேயர்ஸுக்குப் பதிலாக வேறொருவரை நிறுத்தி அந்த 22 டச் டவுன்களை எடுக்க முடிந்திருக்கும் என்று சிகாகோவில் ஒருவரும் சொன்னதில்லை.

டென்வர்வாசி:
கேரியும் ஆண்டர்சனும் 2,008 ஓடவில்லை என்பதைத் தாங்கள் வசதியாக விழுங்கிவிட்டீர்கள். 32-ஆவது சூப்பர் பவுலில் ஒற்றைத் தலைவலியால் கண் தெரியாமல் இரண்டாவது கால்பகுதியில் வெளியே அமர்ந்துவிட்டு, திரும்பி வந்து ஆட்டநாயகன் விருதைப் பெற்றவர் எங்கள் ஆள். சிகாகோக்காரர்களுக்குத் தங்கள் ஊரில் பெய்யும் மழைகூட வரலாறு. மற்ற ஊர்க்காரர் வாங்கிய கோப்பை வெறும் பாத்திரம்.

கணக்குப்பிள்ளை:
டென்வர்வாசியோடு நான் ஒத்துப்போவது இதுவே முதல் முறை, அநேகமாகக் கடைசி முறையும்கூட. சேயர்ஸ் இருந்த அணி எதை வென்றது? வெற்றி-தோல்வி-சமன் கணக்கில் 1965-இல் 9-5, அதன் பிறகு 5-7-2, 7-6-1, 7-7, கடைசியில் 1969-இல் 1-13. அதுவும், அதே 1965 டிராஃப்டில் அவருக்கு முந்தைய இடத்தில் எடுத்த தற்காப்பு வீரர் டிக் பட்கஸும் அணியில் இருக்கும்போதே இந்த நிலை. இரண்டு ஜாம்பவான்களை வைத்துக்கொண்டு ஒரே ஒரு வெற்றி!

உண்மைக் காரணத்தை நான் சொல்கிறேன். சேயர்ஸின் சக வீரர் பிரயன் பிக்கலோ 1970-இல் புற்றுநோயால் இறந்தார். அவருக்கும் சேயர்ஸுக்கும் இருந்த நட்பைப் பற்றி 1971-இல் ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. அமெரிக்கா முழுவதும் அழுதது. தேர்வாளர்கள் அழுத கண்களோடு வாக்களித்தார்கள். சேறு பாதி, கண்ணீர் பாதி. இதுதான் அந்தப் புகழின் கலவை.

ஏரிக்கரையான்:
இறந்துபோன ஒருவரை விவாதத்தில் வெல்வதற்காக இழுத்துவந்தது தங்கள் தரத்துக்கே குறைவு. அதை விட்டுவிட்டு ஆண்டை மட்டும் பார்ப்போம். என்.எஃப்.எல். தன் ஐம்பதாண்டு நிறைவுக்காக எல்லாக் காலத்துக்குமான அணியைத் தேர்ந்தெடுத்தபோது ஹாஃப் பேக் இடத்தில் சேயர்ஸையும், ஃபுல் பேக் இடத்தில் ஜிம் பிரவுனையும் வைத்தது (இரண்டும் ஓட்டக்காரர் இடங்கள்). அது 1969. பிக்கலோ அப்போது உயிரோடு இருந்தார், படம் எடுக்கப்படவில்லை. நான்கே பருவங்கள் ஆடியிருந்த 26 வயது இளைஞரை, ஐம்பது ஆண்டுகளாக ஓடியவர்கள் அனைவருக்கும் மேலாக வைத்தார்கள். 1994-இல் எழுபத்தைந்தாண்டு அணியிலும், 2019-இல் நூற்றாண்டு அணியிலும் மீண்டும் வைத்தார்கள். ஐம்பது ஆண்டுகளாக அழுதுகொண்டேவா இருந்தார்கள்?

கணக்குப்பிள்ளை:
1969-இல் தேர்ந்தெடுத்தவர்களின் கண்ணிலும் அந்தச் சேறுதான் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் முதலிலிருந்தே இதைத்தான் சொல்லிவருகிறேன்.

ஓமாஹா தம்பி:
ஒரு செய்தியை மட்டும் சேர்க்கிறேன். சேயர்ஸ் எங்கள் ஊரில் வளர்ந்தவர் என்பதால் சிறு வயதிலிருந்தே அவருடைய முழங்கால் கதையைக் கேட்டிருக்கிறேன். 1968 நவம்பர் 10 அன்று, அதே நைனர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், கெர்மிட் அலெக்சாண்டர் தாழ்வாக வந்து மோதியதில் வலது முழங்காலின் தசைநார்கள் அறுந்தன. இன்றுள்ள அறுவை முறைகள் எதுவும் இல்லாத காலம். மறு ஆண்டே திரும்பி வந்து, 1-13 அணியில், 1,032 கெஜங்களுடன் மீண்டும் லீகில் முதலிடம் பிடித்தார். 1970-இல் இடது முழங்காலும் போன பிறகு இரண்டு பருவங்களிலும் சேர்த்து நான்கே ஆட்டங்கள். அந்த 68-இல் முழு உடலோடு ஆடியவை ஐம்பதுதான்.

கணக்குப்பிள்ளை:
தம்பி தன்னை அறியாமல் என் பக்கம் பேசுகிறார். 1969-இல் சராசரி 4.4-ஆக இறங்கிவிட்டது. உண்மையான சேயர்ஸ் நான்கு பருவங்கள்கூட முழுதாக இல்லை என்றால், நான் 68 என்று சொன்னதே தாராளம். இப்படியே போனால் 38 ஆட்டங்களில் 5.4 சராசரி வைத்திருந்த போ ஜாக்சனுக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் ஓர் அறை கட்ட வேண்டும். அவரை ஏன் சேர்க்கவில்லை? அவருக்குச் சேறு வாய்க்கவில்லை.

ஏரிக்கரையான்:
ஜாக்சன் பேஸ்பால் பருவம் முடிந்த பிறகு வந்து பாதிப் பருவம் ஆடியவர். ஒரு பருவத்தில்கூட ஆயிரம் கெஜங்கள் ஓடியதில்லை. சேயர்ஸ் இரண்டு முறை லீகின் முதல் ஓட்டக்காரர். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கிறவரிடம் தராசே இல்லை என்று பொருள். சென்ற ஆண்டு வால்டர் பேட்டன் திரியிலும் தாங்கள் இதையேதான் செய்தீர்கள்: எண்ணிக்கையில் தோற்றவுடன் எமிட் ஸ்மித்தின் தடுப்பு வரிசைக்கு ஓடினீர்கள், அங்கும் மாட்டியவுடன் மூன்று வாரம் தலைமறைவானீர்கள்.

கணக்குப்பிள்ளை:
நான் ஊருக்குப் போயிருந்தேன். அதை அப்போதே எழுதியும் இருந்தேன். நல்லது, பேட்டனின் பெயரைத் தாங்களே எடுத்தீர்கள். அதே சிகாகோ, அதே பேர்ஸ், பெரும்பாலும் அதே மோசமான அணி. பதின்மூன்று பருவங்களில் ஒரே ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டு 16,726 கெஜங்கள். தங்கள் ஊர் வீதியிலேயே உண்மையான ஜாம்பவான் நடந்து சென்றிருக்கிறார். தாங்களோ சேற்றில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஏரிக்கரையான்:
பேட்டனை உயர்த்துவதற்குச் சேயர்ஸைத் தாழ்த்த வேண்டும் என்ற கட்டாயம் சிகாகோவில் எவருக்கும் இல்லை. அந்த நெருக்கடி வெளியூர்க்காரர்களுக்கு மட்டுமே. தங்கள் சேற்றுக்கு இறுதியாக ஒன்று சொல்கிறேன், அதன் பிறகும் விளங்கவில்லை என்றால் என்னால் ஆவது ஒன்றுமில்லை. கிக் ஆஃப் ரிட்டர்னில் சேயர்ஸின் வாழ்நாள் சராசரி 30.56 கெஜங்கள். அரை நூற்றாண்டு கடந்தும் அந்த இடத்தில் அவரே முதல்வர். பந்தைத் திருப்பிக் கொண்டுவருவதற்காகவே 2024-இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் நுழைந்த டெவின் ஹெஸ்டரும் அந்தச் சராசரியை எட்டவில்லை. இது ஒரு நாள் மழையில் வரும் எண் அன்று. எல்லாப் பருவங்களிலும், எல்லா மைதானங்களிலும் ஓடிச் சேர்த்த சராசரி.

டென்வர்வாசி:
கேரி, ஆண்டர்சன் பற்றி நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை என்பதை அவை குறித்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப்பிள்ளை:
அக்காலத்தில் கிக் ஆஃப் 40 கெஜக் கோட்டிலிருந்து உதைக்கப்பட்டது. 1974-இல்தான் அது 35-க்குப் பின்வாங்கியது. முன்னாலிருந்து உதைத்தால் பந்து ஆழமாக விழும். ஆழத்திலிருந்து ஓடிவந்தால் கெஜங்கள் தாமாகவே கூடும். 30.56-இல் எத்தனை கெஜங்கள் சேயர்ஸுடையவை, எத்தனை கெஜங்கள் விதிப்புத்தகத்துடையவை?

ஏரிக்கரையான்:
முன்னாலிருந்து உதைத்தால், துரத்தி வருகிற பத்துப் பேரும் ஐந்து கெஜம் முன்னாலிருந்துதான் கிளம்புவார்கள் என்பதைக் கணக்குப்பிள்ளை அவர்கள் மறந்துவிட்டாரா, மறைத்துவிட்டாரா? மேலும் அந்த விதி 1960-களில் லீக் முழுவதற்கும் பொது. அப்போது ஓடிய மற்றவர்களின் சராசரியையும் இங்கே வைக்கச் சொல்லுங்கள், பேசுவோம்.

கணக்குப்பிள்ளை:
வைக்கிறேன், ஆனால் இந்தத் திரியில் அன்று. கிக் ஆஃப் ரிட்டர்னுக்கென்று நாளை தனித் திரி தொடங்குகிறேன். அங்கே வரும்போது மைதானத்தின் ஈரப்பதத்தையும் கையோடு கொண்டுவரவும்.