ரம்மி ஆடுறவங்க அடுத்து எதைக் கத்துக்கலாம்: போக்கரா, பிளாக்ஜாக்கா?

அல்சூர்_பதின்மூணு:
வணக்கம். பெங்களூர்ல நாங்க அஞ்சு பேர் சேர்ந்து வாராவாரம் பதின்மூணு சீட்டு ரம்மி ஆடுறோம். காசு கிடையாது, பாயிண்ட் மட்டும். அடுத்து இன்னொரு ஆட்டத்தை முறையா கத்துக்கலாம்னு இருக்கோம். ரெண்டு பேர் போக்கர்னு சொல்றாங்க, ரெண்டு பேர் பிளாக்ஜாக்னு சொல்றாங்க. டிசம்பர்ல கோவா போற திட்டமும் இருக்கு. அங்க கேசினோல ஒரு மணி நேரம் உட்காரணும்னு ஆசை. கழிச்ச சீட்டையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கிறதுதான் எங்க பலம். அது எதுல கைகொடுக்கும்? ஆன்லைன்ல பழகலாமா?

கணக்குப்பிள்ளை:
போக்கர்ல அந்த ஞாபகம் உதவாது தம்பி. ஒவ்வொரு கைக்கும் கட்டு முழுசா கலையும். போன கைல எந்தச் சீட்டு விழுந்ததுன்னு தெரிஞ்சு ஒரு பயனும் இல்ல. அங்க ஞாபகம் வெச்சுக்க வேண்டியது ஆளை. யார் எந்த இடத்துல உட்கார்ந்து எவ்வளவு ஏத்தினார், கடைசில என்ன காட்டினார், அவ்வளவுதான்.

பிளாக்ஜாக்ல உதவும், ஆனா ஒரு நிபந்தனையோட. ஆறு கட்டை ஒரு பெட்டில போட்டுப் பங்கு போடுற மேஜையா இருக்கணும். 2 முதல் 6 வரை விழுந்தா ஒன்னு கூட்டணும். பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் விழுந்தா ஒன்னு கழிக்கணும். 7, 8, 9 கணக்குல வராது. கூட்டுத்தொகையை மீதி இருக்கிற கட்டுகளால வகுக்கணும். +6 வந்து மூணு கட்டு மீதி இருந்தா 2. இந்த எண் ஏற ஏறத்தான் பந்தயத்தை ஏத்துவாங்க. முடிஞ்ச சீட்டை உடனே உள்ள தள்ளித் தொடர்ந்து கலைக்கிற இயந்திரம் மேஜைல இருந்தா இந்த எண்ணிக்கையால ஒரு பிரயோஜனமும் இல்ல. அதனால உட்கார்றதுக்கு முன்னாடி அந்தப் பெட்டியைப் பாருங்க. சரியா எண்ணினாலும் கிடைக்கிற லாபம் சுமார் ஒரு சதவீதம். எண்ணுறீங்கன்னு தெரிஞ்சா பிளாக்ஜாக் ஆட விடமாட்டாங்க.

பிளாக்ஜாக்ல 21-ஐத் தாண்டாம டீலரைவிட அதிகமா எடுக்கணும்; ஏஸை 1-ன்னும் எண்ணலாம், 11-ன்னும் எண்ணலாம். டீலருக்குச் சுயபுத்தி கிடையாது. 16 வரைக்கும் எடுத்தே ஆகணும், 17 வந்தா நிக்கணும். அதனால உங்க ஒவ்வொரு கைக்கும் சரியான விடை ஒன்னே ஒன்னுதான். எப்ப எடுக்கணும், எப்ப நிக்கணும்னு சொல்ற அந்த அட்டவணையை ஒரு மாசத்துல மனப்பாடம் பண்ணிடலாம். தப்பு நடக்கிற இடங்கள் எப்பவும் இதுதான்:

டீலர் 7 முதல் ஏஸ் வரை காட்டுறப்ப 12 முதல் 16 வரை வெச்சுக்கிட்டுப் பயந்து நிக்கிறது தப்பு, எடுக்கணும். டீலர் 4, 5, 6 காட்டினா நிக்கணும். 6 காட்டுற டீலர் நூத்துக்கு 42 தடவை 21-ஐத் தாண்டி வெடிப்பார். ரெண்டு எட்டும் ரெண்டு ஏஸும் வந்தா பிரிக்கணும். ரெண்டு பத்தைப் பிரிக்கவே கூடாது. டீலர் 9 இல்லன்னா 10 காட்டுறப்ப ஏஸ்-7 வந்தா 18 ஆச்சேன்னு நிப்பாங்க, அங்கயும் எடுக்கணும்.

டீலர் ஏஸ் காட்டினதும் ‘இன்சூரன்ஸ் வேணுமா’ன்னு கேட்பாங்க. டீலரோட மூடின சீட்டு பத்துன்னு போடுற தனிப் பந்தயம் அது. வேண்டாம். அது ஒன்னுக்கு ரெண்டு தரும், அப்படின்னா மூணுல ஒரு தடவையாவது அந்த மூடின சீட்டு பத்தா இருக்கணும். பதின்மூணு மதிப்புல நாலுதான் பத்து, 30.8 சதவீதம். மூணுல ஒன்னு 33.3. கையில பிளாக்ஜாக் (முதல் ரெண்டு சீட்டே ஏஸும் பத்தும்) இருந்தாலும் இதே கணக்குதான்.

மேஜை விரிப்புல எழுதியிருக்கிறதைப் படிங்க. பிளாக்ஜாக்குக்கு 3:2 தர்ற மேஜைல, அட்டவணைப்படி ஆடினா வீட்டோட (கேசினோவோட) பங்கு அரை சதவீதம். 500 ரூபா பந்தயம், மணிக்கு 60 கை: சராசரி நஷ்டம் 150 ரூபா. 6:5 மேஜைல இன்னும் 1.4 சதவீதம் கூடும், நஷ்டம் 570-க்குப் போகும். ஆனா ஒரு மணி நேரத்துல 4,500 ரூபா மேல கீழ ஆடுறது சகஜம். அதனால இந்த 150, 570 வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது; 6:5 மேஜைல ஜெயிச்சு எழுந்தவர் அது நல்ல மேஜைன்னு நம்பிடுவார்.

டொம்லூர்_தேவி:
அண்ணா சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனா வீட்ல அஞ்சு பேருக்கு பிளாக்ஜாக் சரிப்படாது. ஒருத்தர் டீலர், மத்தவங்க ஒருத்தரோட ஒருத்தர் ஆடுறதே இல்ல. மாசம் முடிஞ்சா அட்டவணை எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அப்புறம் பேச ஒன்னுமில்ல. போக்கர் பழகுங்க, ஹோல்டெம்: கைல ரெண்டு சீட்டு, நடுவுல மூணு, ஒன்னு, ஒன்னுன்னு அஞ்சு சீட்டு.

ரம்மிக்காரங்க கிட்ட ஒரு நல்ல பழக்கம் இருக்கு: 80 பாயிண்ட் வாங்குறதுக்குப் பதில் 20-ல டிராப் ஆகி விலகிடுவாங்க. போக்கர்ல மடிக்கிறது (அந்தக் கைலேர்ந்து விலகுறது) அதைவிட மலிவு. பிளைண்ட் (சீட்டு பார்க்கிறதுக்கு முன்னாடியே கட்டாயமாப் போடுற பந்தயம்) போட்ட ரெண்டு பேரைத் தவிர மத்தவங்களுக்கு முதல் சுத்துல செலவே இல்ல. அஞ்சு பேர் மேஜைல மூணு கைல ரெண்டை மடிச்சாலும் தப்பில்ல. கடைசியாப் பேசுற இடத்துல இருந்தா கொஞ்சம் தாராளமா ஆடலாம், முதல்ல பேசணும்னா இறுக்கிப் பிடிக்கணும்.

கெட்ட பழக்கம், ‘ஒரு சீட்டுதானே, வந்துடும்’னு காத்திருக்கிறது. ரம்மில ஒவ்வொரு சுத்துலயும் சும்மா ஒரு சீட்டு எடுக்கலாம். இங்க ஒவ்வொரு சீட்டுக்கும் விலை, அதுவும் ரெண்டு மூணு சீட்டோட கதை முடியும். ஒரு கையைப் பாருங்க:

உங்ககிட்ட ஆட்டின் ஏஸ், ஆட்டின் 6. நடுவுல நாலு சீட்டு விழுந்தாச்சு, அதுல ரெண்டு ஆட்டின். இன்னொரு ஆட்டின் வந்தா அஞ்சும் ஒரே ஜாதி, அதுக்குத்தான் காத்திருக்கீங்க. நடுப்பணம் 600. எதிராளி 600 போடுறார். நீங்க 600 போட்டா மொத்தம் 1800. உங்க பங்கு மூணுல ஒன்னு, அதனால மூணுல ஒரு தடவையாவது ஜெயிக்கணும். நீங்க பார்க்காத சீட்டு 46, அதுல ஆட்டின் ஒன்பது: 19.6 சதவீதம். மடிங்க. அதே இடத்துல அவர் 100 போட்டா, 800-க்கு 100, 12.5 சதவீதம் போதும், போடுங்க. 200 போட்டா 1000-க்கு 200, சரியா இருபது. அங்க ஆட்டின் விழுந்தப்புறம் அவர் இன்னும் காசு தருவாரா மாட்டாரான்னு யோசிச்சு முடிவெடுக்கணும். ஆளை ஞாபகம் வெக்கிறது இந்த இடத்துலதான் காசாகும்.

நடு ஓட்டைன்னா (5, 6, 8, 9 இருந்து 7-க்குக் காத்திருக்கிறது) நாலே சீட்டு, 8.7 சதவீதம். ரம்மிக்காரங்க காசை விடுறது பெரும்பாலும் இங்கதான்.

வரிக்கணக்கு:
ஆன்லைன்ல காசு வெச்சு வேண்டாம். 2025 ஆகஸ்ட்ல வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் திறமை, அதிர்ஷ்டம்னு பிரிச்சுப் பார்க்காம, காசு வெச்சு ஆடுற எல்லாத்தையும் தடை பண்ணுது. இன்னும் காசு வாங்குற வெளிநாட்டு ஆப்ல பணம் மாட்டிக்கிட்டா இங்க யார்கிட்டயும் முறையிட வழியில்ல. இலவசச் சில்லுல பழகலாம்.

கோவால 21 வயசு ஆனவங்களைத்தான் உள்ள விடுவாங்க. கேசினோவுக்கு 2025 செப்டம்பர் 22-லேர்ந்து ஜிஎஸ்டி 40 சதவீதம். 10,000 கட்டினா கைக்கு எவ்வளவு சில்லு வரும்னு கவுண்டர்லயே கேளுங்க. அந்த இடைவெளிக்கு முன்னாடி அரை சதவீத வீட்டுப் பங்கு தூசு. ஜெயிச்ச பணத்துக்கு 30 சதவீத வருமான வரியும் செஸ்ஸும் உண்டு, தோத்ததை அதுல கழிக்க முடியாது. போக்கர் மேஜைன்னா ஒவ்வொரு கைலயும் நடுப்பணத்துலேர்ந்து ரேக் (கேசினோவோட கமிஷன்) எடுப்பாங்க; எத்தனை சதவீதம், எது உச்சவரம்புன்னு முதல்லயே கேட்டுக்கோங்க.

அல்சூர்_பதின்மூணு:
ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. போக்கர்னு முடிவு பண்ணிட்டோம். கோவாவுக்கு மட்டும் அந்த அட்டவணை. ஒரு சந்தேகம். காசு இல்லாம ஆடினா யாரும் மடிக்காம கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்க மாட்டாங்களா?

டொம்லூர்_தேவி:
கண்டிப்பா பார்ப்பாங்க, தீர்ந்ததும் மறுபடி அள்ளிக்க விட்டா. ஒருத்தருக்கு 1000 மட்டும் கொடுங்க: புளியங்கொட்டை 20 (ஒன்னு 10), சோழி 8 (ஒன்னு 50), சட்டைப் பொத்தான் 4 (ஒன்னு 100). தீர்ந்தா வெளியே, அன்னிக்கு மறுபடி கிடையாது. பிளைண்ட் 10-20-ல ஆரம்பிச்சு 20 நிமிஷத்துக்கு ஒருமுறை 20-40, 30-60, 50-100, 100-200. ஏறக்குறைய ரெண்டு மணி நேரத்துல முடிஞ்சிடும். முதல் இடத்துக்கு 5, ரெண்டாவதுக்கு 3, மூணாவதுக்கு 1 பாயிண்ட்னு உங்க ரம்மி நோட்டுலயே எழுதி வாராவாரம் கூட்டுங்க. பிளைண்ட் 50-100 ஆனதும் புளியங்கொட்டையைச் சோழியா மாத்திக் கொடுத்துடுங்க, இல்லன்னா எண்ணுறதுலயே நேரம் போயிடும்.