‘மன்னார்குடி வீடு’ குழுவில் ஒரு புதன்கிழமை இரவு

செல்வம்: அம்மாவைச் சனிக்கிழமை காலை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். இன்னும் ஆறு வாரம் சக்கர நாற்காலிதான். வாசல் படிமேல் சாய்தளம் போட வேண்டும். கொத்தனார் எட்டு அடி நீளம் போதும் என்கிறார். நாளைக்கே தொடங்கச் சொல்லட்டுமா?

மல்லிகா: அப்பாடா. முருகா.

குமார்: எவ்வளவு அனுப்ப வேண்டும்?

சுந்தரம்: எதை வைத்து எட்டு அடி? படி என்ன உயரம்?

செல்வம்: மூன்று படி அண்ணா. ஒன்றரை அடி.

சுந்தரம்: எல்லாரும் நிதானமாகப் படியுங்கள். எவ்வளவு ஏறுகிறோமோ அதை, கிடையாக எவ்வளவு போகிறோமோ அதனால் வகுத்தால் சாய்வு. ஒன்றரையை எட்டால் வகுத்தால் 3/16. ஐந்தடி நான்கு அங்குலம் போவதற்குள் ஓர் அடி ஏற வேண்டும். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம் 12க்கு 1 என்பதைத் தாண்டக் கூடாது. பொதுக் கட்டடங்களுக்கு விதியே உண்டு. அந்தக் கணக்கில் 18 அடி நீளம் வேண்டும். ஊட்டி மலை ரயில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் ஏறும் மிகக் கடினமான ஏற்றமே ஏறக்குறைய 12க்கு 1தான். அதற்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் பதித்திருக்கிறார்கள்.

குமார்: அம்மாவுக்கும் பல்சக்கரம் மாட்டிவிடலாமா?

மல்லிகா: செல்வம் ஜன்னலில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்த ரயில்தானே?

செல்வம்: அது குமார்.

குமார்: நான் அப்போது பிறக்கவே இல்லை.

கயல்: பெரியப்பா, நாளை எனக்குக் கணக்குத் தேர்வு. (−3, 4), (5, −2) வழியாகப் போகும் கோட்டின் சாய்வு எனக்கு 3/4 வருகிறது. புத்தகத்தில் −3/4 என்று இருக்கிறது.

செல்வம்: கயல், இங்கே எதைப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

ரேவதி: அவளும் அதைத்தானே கேட்கிறாள்.

சுந்தரம்: நல்ல கேள்வி. மேலே 4லிருந்து −2ஐக் கழித்து 6 என்று போட்டிருப்பாய். கீழே 5லிருந்து −3ஐக் கழித்து 8. மேலே முதல் புள்ளியிலிருந்து இரண்டாவதைக் கழித்தாய், கீழே திருப்பிவிட்டாய். எந்தப் புள்ளியில் தொடங்கினாலும் தவறில்லை, மேலும் கீழும் ஒரே வரிசை வேண்டும். −2 − 4 = −6. 5 − (−3) = 8. ஆக −6/8, அதாவது −3/4. படம் போட்டுப் பார்த்திருந்தால், இடமிருந்து வலமாகக் கோடு இறங்குவது தெரிந்திருக்கும். இறங்கினால் குறை. முப்பத்து மூன்று வருடம் இதே தவறைத் திருத்தியிருக்கிறேன்.

குமார்: என் விடைத்தாளில் மட்டும் நாற்பது முறை.

கயல்: சரி பெரியப்பா. அப்படியென்றால் வாசலில் எந்த இரண்டு புள்ளி? இப்போதுதான் டேப்பை வைத்து அளந்தேன். தெருவில் கேட் இருக்கும் இடம் (0, 0) என்றால் நிலைப்படி (15, 2). கேட்டிலிருந்து படி வரைக்கும் தரையே அரை அடி ஏறுகிறது. அப்பா அதை விட்டுவிட்டார்.

செல்வம்: அது சும்மா தண்ணீர் வடிவதற்காக விட்ட சரிவு.

கயல்: கேட்டிலிருந்தே போட்டாலும் 2/15. ஏழரைக்கு ஒன்று.

குமார்: சனிக்கிழமை. ஏழரை. பொருத்தம்தான்.

மல்லிகா: வாயைக் கழுவு குமார்.

சுந்தரம்: இரண்டு அடி ஏற்றத்துக்கு 24 அடி வேண்டும். இருப்பதோ 15. நேராகப் போட முடியாது. பக்கச் சந்தில் ஒரு திருப்பம் வைத்து, திரும்பும் இடத்தில் ஐந்தடிக்குச் சமதளம் விட்டால் நடக்கும்.

ரேவதி: அங்கே மோட்டார் இருக்கிறது மாமா.

மல்லிகா: பழைய திண்ணையோடு விட்டிருந்தால் ஒரே ஒரு படிதான். யார் உயர்த்தச் சொன்னது?

செல்வம்: அக்கா, ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் அது ஏறிக்கொண்டே போகிறது. மழையில் முழங்கால் தண்ணீரில் நின்றது நான். நீங்கள் கோயம்புத்தூரில் இருந்தீர்கள்.

மல்லிகா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

குமார்: பணம் என்னுடையது. திட்டும் எனக்குத்தான் சேர வேண்டும்.

ரேவதி: கொல்லைப்புறக் கதவு ஓர் அடி உயரம்தான். இடமும் இருக்கிறது.

கயல்: 12 அடி போதும்! மிகச் சரியாக 12க்கு 1.

சுந்தரம்: அதுதான் சரியான விடை.

மல்லிகா: விடையெல்லாம் சரிதான் அண்ணா. மருமகளாக வலது காலை வைத்து முன்வாசலில் ஏறியவள் கொல்லை வழியாக வருவாளா? இடுப்பு முறிந்தபோதும் ஆம்புலன்ஸை முன்வாசலுக்குத்தான் வரச் சொன்னாள்.

ரேவதி: உண்மை.

குமார்: அம்மாவிடம் யார் சொல்வது?

சுந்தரம்: செல்வம் பக்கத்தில் இருக்கிறான்.

செல்வம்: மூத்தவர் நீங்கள் அண்ணா.

கயல்: நான் சொன்னால் அப்பாயி கேட்பார். நான் சொல்கிறேன். தேர்வு முடிந்ததும்.

மல்லிகா: இரண்டு பேர் பிடித்துக்கொண்டால் எட்டு அடியிலேயே ஏற்றிவிடலாம் இல்லையா? ஒரு நாள்தானே.

சுந்தரம்: ஒரு நாளா? ஆறு வாரம் மல்லிகா. ஏறுவது மட்டுமா? இறங்கும்போது நாற்காலி கையைவிட்டு ஓடும்.

ரேவதி: கயல், போனை வைத்துவிட்டுப் படி.

செல்வம்: கொத்தனார் கூப்பிடுகிறார். சிமெண்ட் எத்தனை மூட்டை என்று கேட்கிறார்.

குமார்: எந்த வாசலுக்கு?