குபர்னெட்டீஸ் கிளஸ்டரை (ஆப்களை ஓட்டும் சர்வர் கூட்டத்தை) செலவுக் குறைப்பு டூலோடு இணைத்த அன்று உங்களுக்கு என்ன நடந்தது?

இரவுஷிப்ட்காரன்

இணைச்சு நாலு மாசம் ஆச்சு, இன்னும் மாசக் கடைசி வந்தா வயித்தைக் கலக்குது. டூல் பேரு வேணாம்.

ஹெல்ம் சார்ட் (இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ்) போட்டு, டூலோட ஏஜென்ட் ஓடி, கொஞ்ச நேரத்துல டேஷ்போர்டு பூரா பரிந்துரை. எங்க சம்பளக் கணக்குப் பாட் (கிளஸ்டர்ல ஓடுற ஒரு புரோகிராம் பொட்டலம்) 4 ஜிபி மெமரி வாங்கி வெச்சுக்கிட்டு அரை ஜிபிகூடத் தின்னலையாம். மேனேஜர் பின்னாடி நின்னு பாத்துட்டே "அப்ளை குடுப்பா"ன்னார். குடுத்தேன். லிமிட், அதாவது பாட் தாண்டக் கூடாத மெமரி வரம்பு, 900 எம்பி ஆச்சு. மூணு வாரம் சத்தமே இல்ல.

30-ஆம் தேதி ராத்திரி சம்பள ரன். பாட் நிலவரம் பாக்க கெட் பாட்ஸ் அடிக்கிறேன், ஓஓஎம்கில்டு, மெமரி வரம்பைத் தாண்டினதால கொன்னாச்சுன்னு அர்த்தம். எக்ஸிட் கோடு 137. எழும்புது, பாதி ஊழியர் வரைக்கும் போகுது, சாகுது. மூணாவது தடவை செத்தப்போ பக்கத்து டேப்ல டேஷ்போர்டு திறந்தே கிடந்துச்சு. அந்தப் பாட் பேருக்கு நேரா "சரியான அளவு"ன்னு பச்சை டிக். அந்த டிக்தான் இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

கடைசி ஒரு வார ஓட்டத்தை வெச்சுத்தான் பரிந்துரையே. மாசத்துல ஒரு நாள் மட்டும் பசிக்கிற பாட் அதுக்கு எங்க தெரியும்?

போர்ட்53

டூலைத் திட்டி என்ன பிரயோஜனம்? குபர்னெட்டீஸோட விபிஏகூட (பாட் அளவைப் பரிந்துரைக்கிறது) தானா விட்டா 8 நாள் வரலாறுதான் பாக்கும், அதுலயும் பழைய நாளுக்கு மதிப்பு குறைஞ்சுக்கிட்டே வரும். 4 ஜிபி யாரு வெச்சாங்க, ஏன் வெச்சாங்கன்னு கேக்காம அப்ளை அமுக்கினது நீங்கதானே.

எங்க கதை அப்ளை வரைக்கும் போகவே இல்ல. ஏஜென்ட் பாட் ரன்னிங்னு காட்டுது, டேஷ்போர்டுல "இணைப்புக்குக் காத்திருக்கிறது". வெளிய போற எல்லாத்தையும் அடைக்கிற நெட்வொர்க் பாலிசி எங்ககிட்ட உண்டு. எச்டிடிபிஎஸ் போற 443 போர்ட்டைத் திறக்கச் சொல்லி டிக்கெட் போட்டேன், ரெண்டு நாள் கழிச்சுத் திறந்தாங்க. அப்பவும் காத்திருக்கிறது. வெண்டர் ஆளோட சேத்து கான்ஃபரன்ஸ் கால்ல ஏழு பேர், ஆளுக்கு ஒரு சர்டிஃபிகேட் தியரி. செக்யூரிட்டி டீம்ல புதுசா சேர்ந்த பொண்ணு மைக்கைத் திறந்து, "சார், சர்வர் பேரை ஐபியா மாத்த முதல்ல டிஎன்எஸ்கிட்ட போகணுமே, அதோட போர்ட் 53 திறந்திருக்கா?"ன்னு கேட்டா. ஏழு பேரும் கப்சிப். இங்க இந்தப் பேரு வெச்சுக்கிட்டதே அன்னிக்குத்தான்.

கன்டெக்ஸ்ட்_அக்கா

ஸ்டேஜிங்ல, அதாவது சோதனைக் கிளஸ்டர்ல, சும்மா பாக்கலாம்னுதான் ஆரம்பிச்சேன். டோக்கனோட ஒரு வரி கமாண்டு தருவாங்களே, அதை காப்பி, பேஸ்ட், என்டர். எங்க ஸ்டேஜிங்ல மொத்தமே 3 நோட் (சர்வர்). திரையில எண்ணிக்கை ஏறுது: 3, 9, 26. காபி டம்ளர் வாய்க்கும் மேஜைக்கும் நடுவுல நின்னுடுச்சு. காலையில புரொடக்‌ஷன் லாக் பாக்க கன்டெக்ஸ்ட் (கமாண்டு எந்தக் கிளஸ்டருக்குப் போகணும்ங்கிற செட்டிங்) மாத்தினவ, திருப்பி மாத்தலை.

"ரீட் ஒன்லிதான் மேடம்"னாங்க. யாமலை (டூலோட செட்டிங் ஃபைல்) போட்டதுக்கப்புறம்தான் படிச்சேன். டூலுக்கு அனுமதி தர்ற கிளஸ்டர்ரோல்ல, பாஸ்வேர்டு வெக்கிற சீக்ரெட்ஸுக்கும் கெட், லிஸ்ட் இருக்கு. மாத்த முடியாது, சரி, படிக்கலாம்ல? டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அத்தனையும் அன்னிக்கு ராத்திரியே மாத்தினோம். டூலைக் கழட்டியும் விட்டோம்.

பழைய_சிஸ்அட்மின்

எனக்கும் ஒன்று நடந்தது. டூல் சிபியு ரிக்வெஸ்டை (பாட் தனக்கென ஒதுக்கக் கேட்கும் அளவு) இறக்கியது, ஹெச்பிஏ (வேலைக்கேற்பப் பாட் எண்ணிக்கையை மாற்றுவது) பாட்களைப் பெருக்கியது, மிச்சம் பிடித்தது போயிற்று.

தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ஹெச்பிஏ சதவீதம் பார்ப்பது ரிக்வெஸ்டை வைத்து. 180 மில்லிகோர் (ஒரு சிபியு கோரில் ஆயிரத்தில் 180 பங்கு) தின்னும் பாட், ரிக்வெஸ்ட் 500 என்றால் 36%. ரிக்வெஸ்டை 200 ஆக்கினால் அதே வேலை 90%. இலக்கு 70% என்றால் 4 பாட் 6 ஆகும். ஆள் கூடியதும் தலைக்கு வேலை குறையும். டூல் அதைப் பார்த்து ரிக்வெஸ்டை இன்னும் இறக்கும். ஹெச்பிஏ இன்னும் பெருக்கும். ஒரே சிபியு கணக்கை இரண்டு பேர் கையில் கொடுக்கக் கூடாது.

இன்னொன்று, சிபியு லிமிட்டைத் தாண்டினால் கர்னல் 100 மில்லிசெகண்ட் தவணையில் மிச்ச நேரத்துக்கு நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். மெமரி தாண்டினால் கொலை. இரண்டையும் ஒரே கத்தியால் வெட்டாதீர்கள். ஜாவா இன்னும் மோசம். ஹீப் (ஜாவா தன் டேட்டாவை வைக்கும் மெமரி) அளவைச் சொல்லாமல் விட்டால், ஜாவாவை ஓட்டும் ஜேவிஎம் பெரும்பாலும் லிமிட்டில் கால் பங்கைத்தான் ஹீப்புக்கு எடுக்கும். டூல் வந்து, முக்கால் பங்கு சும்மா கிடக்கிறது என்று லிமிட்டை வெட்டும். வெட்டினால் ஹீப்பும் அதே விகிதத்தில் சுருங்கும். சேமிப்பு என்று கைதட்டுவார்கள், வேண்டாத டேட்டாவைத் துடைக்கும் கார்பேஜ் கலெக்டர்தான் மூச்சு வாங்கும். நோட்களைக் காலி செய்ய அனுமதி கொடுக்கும் முன் பாட் டிஸ்ரப்ஷன் பட்ஜெட் (ஒரே நேரத்தில் எத்தனை பாட் இறங்கலாம் என்ற வரம்பு) போட்டாயிற்றா என்றும் பாருங்கள். முதல் மாதம் பரிந்துரையை மட்டும் பார்க்க வேண்டும், கை வைக்கக் கூடாது.

இரவுஷிப்ட்காரன்

அண்ணே, கதை ஒரு வரி, பாடம் ஒரு பக்கமா? எங்களது ஜாவாவே இல்ல, பைத்தான்.

@போர்ட்53 கேக்க ஆள் இருந்தா கேட்டிருக்க மாட்டேனா? 4 ஜிபி வெச்சவர் வேலையை விட்டுப் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அப்புறம் ரிப்போவைத் துழாவினப்போ யாமல்ல அந்த வரிக்கு மேல ஒரு கமென்ட் இருந்துச்சு: "குறைக்காதே." காரணம் எழுதலை மனுஷன்.

மறுபடி_டீப்ளாய்

எல்லாரும் இணைச்ச கதை சொல்றீங்க, எங்களுக்கு அடி விழுந்தது கழட்டினப்போ. ஹெல்ம் அன்இன்ஸ்டால் பாதியில தொங்குச்சு, கடுப்புல டூல் இருந்த நேம்ஸ்பேஸையே (கிளஸ்டருக்குள்ள ஒரு தனி அறை மாதிரி) டெலீட் பண்ணிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். காலையில டீப்ளாய் அடிச்சா ஒரு பாட்கூடப் பிறக்கலை. ஓடுறது ஓடிக்கிட்டே இருந்ததால ராத்திரி முழுக்க யாருக்கும் தெரியலை. பாட்களை உருவாக்குற ரெப்ளிகாசெட்டோட ஈவென்ட்ல பாத்தா, வெப்ஹுக்கை (புதுப் பாட் பிறக்கும் முன்னாடி கிளஸ்டர் கேக்குற சர்வீஸ்) கூப்பிட முடியலைன்னு புலம்புது. மியூட்டேட்டிங் வெப்ஹுக் பதிவு கிளஸ்டர் மட்டத்துல உக்காந்திருக்கு, நேம்ஸ்பேஸ் போனாலும் அது போகாது. ஃபெயில்யூர் பாலிசி ஃபெயில், அதாவது பதில் வராட்டி பாட்டை மறுத்துடும். ஒவ்வொரு புதுப் பாட்டும், இல்லாத சர்வீஸ் வாசல்ல அனுமதிக்கு நிக்குது. அந்தப் பதிவை டெலீட் பண்ணினதும்தான் உயிர் வந்துச்சு.

@கன்டெக்ஸ்ட்_அக்கா, வெப்ஹுக் ஏதாவது மிச்சம் இருக்கான்னு ஒரு தடவை அடிச்சுப் பாருங்க.

கன்டெக்ஸ்ட்_அக்கா

ரீட் ஒன்லிக்கு எதுக்குப்பா வெப்ஹுக்னு நெனச்சுக்கிட்டே அடிச்சேன். ஒண்ணு இருக்கு. பாலிசி இக்னோர்னு இருக்கு, பதில் வராட்டியும் விட்டுடும், அதான் இத்தனை நாள் சத்தமில்ல.